ஓரத்தில் இருந்த வரி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச்செல்வி விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் இப்போது வரலாறு நடத்துகிறவர். காபி குடித்து முடித்ததும் செல்போனை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு பாபிலோனியக் களிமண் பலகை. விரலால் தள்ளினால் திரும்புகிறது. இன்னொரு இடத்தில் தொட்டால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகர்கிறது. நிழல் மாறி, மங்கிக் கிடந்த எழுத்து மேலே எழுந்து வருகிறது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அதையே திருப்பிக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஒரே ஒரு போட்டோவ வச்சிக்கினு எப்படி மேடம் படிச்சீங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்ல ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்து, அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பாதிதான் சொல்லியிருந்தேன். "மீதிய எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்றார். முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது மண்டகப்பட்டில். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் விளையும். எங்கள் ஊர்க் குடைவரையில் உள்ள கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் ஒரு பல்லவ அரசன் இந்தக் கோயிலைச் செய்வித்ததாகச் சொல்லும். அந்த ஊர்க்காரி போயும் போயும் செங்கல்லாலேயே நகரம் கட்டியவர்களைப் பற்றிப் படிக்கப் போனாளே என்று கேலி செய்தவர்கள் உண்டு. "நம்மூர்ல கல்வெட்டுக்கா பஞ்சம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. சொல்லிக்கொள்ளும்படியான பதில் என்னிடம் இருந்ததில்லை. எம்.ஏ. படிக்கும்போது, பக்கத்து வயல்காரன் வாய்க்காலை உடைத்துவிட்டான் என்று ஏறக்குறைய நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு குடியானவன் கொடுத்த புகாரைப் படித்தேன். அப்பா ஏரி மடைக்காகப் போட்ட சண்டை மாதிரியே இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

திண்டிவனத்தில் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. விழுப்புரத்தில் குவார்ட்டர்ஸ். காலையில் பாசஞ்சரில் திண்டிவனம், சாயங்காலம் பாசஞ்சரில் விழுப்புரம். பி.ஏ. மாணவர்களுக்கு உலக நாகரிகங்கள் பாடத்தில் மெசபடோமியா இரண்டு வாரம்தான் வரும். கோட்டக்குப்பத்திலிருந்து வந்த ஒரு மாணவர், நான் வரைபடத்தில் பாஸ்ராவைக் காட்டியபோது எழுந்து, "எங்க அத்தா அங்கதான் இருக்காரு மேடம்" என்றார். அப்போது அவர் அப்பா வேலை பார்த்த அந்த ஊரில் போர் நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகு ஒருவரும் மெசபடோமியாவைப் பரீட்சைக்கான பெயராக மட்டும் நினைக்கவில்லை.

பகுதி நேர ஆய்வு மாணவியாக நான் பதிவு செய்தது சென்னையில், பேராசிரியர் தனபாக்கியத்திடம். எண்பதுகளின் தொடக்கத்தில் நம் பக்கத்தில் ஆப்பெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தால், எல்லோரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். ஆப்பெழுத்து என்றால் ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்தி எழுதுவது. ஒவ்வொரு குத்தும் சின்ன ஆப்பு மாதிரி இருக்கும்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நான் வரைந்து கொண்டுபோனது சரியாக இருந்தால் பக்கத்தைத் திருப்புவார். தப்பாக இருந்தால் அந்த இடத்தில் தன் பென்சிலைப் படுக்க வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். என்ன தப்பு என்று நானே கண்டுபிடிக்கும்வரை பென்சில் அங்கேயே கிடக்கும். ஒருமுறை ஒரு சனிக்கிழமை முழுக்கக் கிடந்தது.

"படிக்காதீங்க. வரையுங்க" என்பதுதான் அவருடைய முதல் பாடம். புகைப்படத்தின் மேல் மெல்லிய காகிதத்தை விரித்து, கடினமான பென்சிலால் குத்துகளின் விளிம்பு, மென்மையான பென்சிலால் நிழல், சிவப்புப் பென்சிலால் வெடிப்பும் கீறலும் வரைய வேண்டும். எது எழுத்து, எது சேதம் என்று நான் முடிவு செய்யக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்தது எல்லாம் காகிதத்துக்கு வர வேண்டும். ஒரு வாரம் வரைந்த பிறகுதான் வாசிக்க அனுமதி. நான் எதையாவது சொன்னால், "எங்க பாத்தீங்க?" என்பார். எந்த அறிஞர் சொன்னார் என்று அவர் கேட்க மாட்டார். காகிதத்தில் அந்த இடத்தைக் காட்ட வேண்டும்.

என் ஆய்வு, பாபிலோனிய ஊர்களில் வாய்க்கால் தண்ணீரை எப்படி முறைவைத்துப் பங்கிட்டார்கள் என்பது. அதன் நான்காம் இயல் முழுக்க ஒரே பலகையை நம்பி இருந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கும் சோப்புக்கட்டி அளவுள்ள பலகை. அதில் ஒரு தீர்ப்பு: அண்ணன் தம்பி இருவருக்குள் தண்ணீர்த் தகராறு, அண்ணனுக்கு இத்தனை நாள், தம்பிக்கு இத்தனை நாள் என்று நீதிபதிகள் சொல்கிறார்கள். பலகையின் வலது ஓரத்தில் ஒரு கடைசி வரி: "அவர்கள் சகோதரிக்கு ஒரு நாள்."

அந்த ஓரத்து வரியை முதலில் சரியாக வாசித்தவர் தனபாக்கியம்தான். முகப்பில் இடம் போதாமல் தீர்ப்பின் முடிவை ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள், அந்த ஊரில் நீதிமன்றமே பெண்ணுக்குத் தண்ணீர் முறை கொடுத்திருக்கிறது என்று தன் புத்தகத்தில் எழுதினார். அவரை வெளிநாட்டவர்கள் அறிந்ததே அந்த வாசிப்பால்தான். நானும் அதன் மேல்தான் என் இயலைக் கட்டியிருந்தேன். ஆறு வருஷ வேலை. தட்டச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அஞ்சலையைச் சந்தித்தேன்.

விக்கிரவாண்டி ஸ்டேஷனில் எங்கள் பாசஞ்சர் கிராசிங்குக்காக நிற்கும். எக்ஸ்பிரஸ் கடந்து போகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தண்டவாளத்தை அடுத்து ஒரு செங்கல் சூளை. அங்கே ஒரு பெண் குந்தியபடி அச்சில் மண்ணை அடித்து, கவிழ்த்து, அடித்து, கவிழ்த்து வரிசை போட்டுக்கொண்டே பின்னால் நகர்வதைத் தினமும் பார்ப்பேன். கல் அறுப்பது என்பார்கள் இந்த வேலையை. மாணவர்கள் கையால் ஆப்பெழுத்து எழுதிப் பார்க்கட்டும் என்று நினைத்து, ஒருநாள் இறங்கிப் போய்க் கொஞ்சம் மண் கேட்டேன்.

"எதுக்கு டீச்சரம்மா, அடுப்பு போடவா?"

"எழுதறதுக்கு அக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். "எழுதறதுக்கா? அப்ப இந்த மண்ணு ஆவாது. மணலு ஜாஸ்தி. இருங்க" என்று சொல்லி, குழியின் அடியிலிருந்து வழவழப்பான மண்ணை எடுத்து, விரலால் கல் பொறுக்கி, வாழையிலையில் கட்டிக் கொடுத்தார்.

மாணவர்கள் மூங்கில் சீவலால் தங்கள் பெயரைக் குத்தித் தள்ளினார்கள். மறுபடி மண் வேண்டியிருந்தது. பிறகு மண் தேவைப்படாத நாளிலும் இறங்க ஆரம்பித்தேன். அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்.

அப்படி ஒருநாள், வெயிலில் காய்ந்துகொண்டிருந்த, இன்னும் சுடாத பச்சைக் கற்கள் மேல் காக்கை நடந்த தடங்களைப் பார்த்தேன். சில ஆழமாக, சில மேலோட்டமாக. "இங்க ரெண்டு காக்கா நடந்திருக்கா அக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"ஒரே காக்காவாகூட இருக்கும்" என்றார் அஞ்சலை, கை நிறுத்தாமல். "அது அறுத்த அன்னிக்கே நடந்தது. கால் பட்ட எடத்துல மண்ணு பிதுங்கி கரை கட்டிக்கினு கீது பாருங்க. இது மறுநாளு நடந்தது. மண்ணு இறுகிப்போச்சு, பிதுங்காது. கரையே இருக்காது. நகம் பட்ட எடத்துல மட்டும் முடி மாதிரி வெடிச்சிருக்கும்."

நான் குனிந்து பார்த்தேன். முடி மாதிரி வெடிப்பு. அந்த வெடிப்புகளை எனக்குத் தெரியும். சிவப்புப் பென்சிலால் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் அந்தப் பலகையின் படத்தையும் என் வரைபடத்தையும் எடுத்தேன். முகப்பில் இருந்த ஒவ்வொரு குத்தைச் சுற்றியும் பிதுங்கிய மண்ணின் மெல்லிய கரை, வெள்ளைக் கோடாக ஒளியில் தெரிந்தது. ஓரத்து வரியில் கரையே இல்லை. குத்துகள் ஆழமற்றவை. முனைகளிலிருந்து சிவப்பு முடிகள். மூன்று வருஷமாக என் கையாலேயே வரைந்து வைத்திருக்கிறேன், பார்க்கவில்லை. அந்த வரி தீர்ப்போடு எழுதப்பட்டதல்ல. மண் இறுகிய பிறகு யாரோ சேர்த்தது.

அப்படியானால் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. என் நான்காம் இயல் போயிற்று. அதைவிட, தனபாக்கியம் மேடத்தின் புத்தகத்தில் அவர் மிக நேசித்த பக்கம் போயிற்று.

துறைத் தலைவர் கோவிந்தராஜ் சாரிடம் சொன்னேன். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா பேஜாரு பண்றீங்க? கைடு புஸ்தகத்தையே தப்புன்னு எழுதிக்கினு எவன் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கான்? இருக்கறத ஜல்தியா சப்மிட் பண்ணுங்க. பட்டம் கைக்கு வரட்டும். அப்பால எது வேணா எழுதுங்க."

அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாலைந்து நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். கடைசியில் வீட்டுக்காரர்தான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி சொன்னார்: "பின்னாடி பொட்டியில ஏதோ தப்பா இருக்குதுன்னு தெரிஞ்சா கார்டு செவப்புக் கொடி காட்டித்தான் ஆவணும். டிரைவர் சீனியர், கோவிச்சிக்குவாருன்னு சும்மா இருக்க முடியுமா?"

அந்தச் சனிக்கிழமை சென்னைக்குப் போனேன். ஒரு பை நிறைய அஞ்சலை கொடுத்த மண். டிபன் டப்பாவில் இரண்டு சின்னப் பலகைகள்: ஒன்றில் ஈரத்திலேயே குத்தியது, இன்னொன்றில் இறுகிய பிறகு குத்தியது. என் வரைபடத்தையும் விரித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

"எங்க பாத்தீங்க?" என்றார்.

காட்டினேன். காக்கையையும் அஞ்சலையையும் பற்றிச் சொன்னேன். மேடம் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் பென்சிலை எடுத்து அந்த ஓரத்தின் மேல் படுக்க வைத்தார்.

"ஓரம் நடுவைவிடச் சீக்கிரம் காயும், இல்லையா? ஒரே நாள்ல எழுதியிருந்தாலும், கடைசியா ஓரத்துக்கு வரும்போது அது இறுகியிருக்கலாமே?"

நான் யோசிக்காதது அது.

"மண்ண இங்க வச்சிட்டுப் போங்க" என்றார். கோபமா, வருத்தமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாசஞ்சர் விக்கிரவாண்டியில் நிற்கும்போது அஞ்சலை கை காட்டுவார். எனக்கு இறங்கத் தோன்றவில்லை. மூன்றாம் வாரம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. "வியாழக்கிழமை காலைப் பாசஞ்சரில் விக்கிரவாண்டி வருகிறேன். அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும்."

நான் லீவு போட்டேன். கஞ்சி போட்ட வெள்ளைப் பருத்திப் புடவையில், ஒரு கையில் பெரிய உறையும் இன்னொரு கையில் கூடையுமாக, தனபாக்கியம் மேடம் விக்கிரவாண்டி பிளாட்பாரத்தில் இறங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. சூளைக்குள் வந்ததும் அஞ்சலையைக் கும்பிட்டார். அஞ்சலை மண் அப்பிய கையோடு திகைத்து நின்றுவிட்டார். "இன்னா டீச்சரம்மா, பெரிய டீச்சரா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

மேடம் கூடையைத் திறந்தார். அதில் ஆறு களிமண் பலகைகள். அந்த மூன்று வாரமும் தன் வீட்டு மொட்டை மாடியில் அவரே செய்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் காகிதம் ஒட்டி, எப்போது செய்தது, எத்தனை மணி நேரம் கழித்துக் குத்தியது என்று எழுதியிருந்தார். அஞ்சலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் காகிதத்தை அவர் பார்க்காதபடி வைத்தார். அது மேடத்தின் முறை.

"இதுல எது எப்ப குத்துனதுன்னு சொல்ல முடியுமாம்மா?"

அஞ்சலை ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். "இது பச்சையில. இது மத்தியானம் அறுத்து சாய்ந்தரம் குத்துனது. இது மறுநாளு. இது ரெண்டு நாளு கழிச்சி. இது நல்லா காஞ்சப்பறம் ஈரத்துணி போட்டு ஊற வச்சிக் குத்துனது; தோ, மேல மட்டும் கொழகொழன்னு பூசுனாப்ல கீது பாருங்க." ஐந்தையும் சரியாகச் சொன்னார். ஆறாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, "இது எங்க மண்ணே இல்ல" என்று கீழே வைத்துவிட்டார். அது மேடம் தன் வீட்டுத் தோட்டத்தில் எடுத்த மண்.

மேடம் உறையிலிருந்து அந்த ஓரத்தின் புகைப்படத்தை எடுத்தார். தினத்தாள் அளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். "இந்த ஓரம் முழுக்க ஒரே நேரத்துல எழுதினதா?"

அஞ்சலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தின் முன் உட்கார்ந்தார். நானும் குனிந்தேன். முகப்பு வரிகளில் இரண்டின் கடைசி எழுத்துகள், இடம் பற்றாமல் அதே ஓரத்தில் வழிந்து வந்திருந்தன. அவற்றின் நடுவேதான் சகோதரியின் வரி.

"இல்லம்மா" என்றார் அஞ்சலை. "மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் பச்சையில குத்துனது. கரை கட்டிக்கினு கீது. நடுவுல இருக்கறது அப்பால வந்தது. ஒரே ஓரம்தான? ஓரமே காஞ்சிருந்தா மூணும் ஒரே மாதிரி இல்ல இருக்கணும்?"

மேடத்தின் கேள்விக்குப் பதில் அதுதான். அதே கேள்வியை வேறு வேறு விதமாக இன்னும் மூன்று முறை கேட்டார். அஞ்சலை மூன்று முறையும் அதையே சொன்னார். கடைசி முறை கொஞ்சம் சலிப்போடு.

பிறகு அஞ்சலை கேட்டார்: "இம்மாம் தூரம் வந்து கேக்கறீங்களே, அதுல இன்னாதான் எழுதியிருக்குது?"

நான் சொன்னேன். அண்ணன் தம்பி சண்டை, தீர்ப்பு, பிறகு நடுவில் இந்த வரி: சகோதரிக்கு ஒரு நாள்.

அஞ்சலை படத்தை மறுபடி பார்த்தார். "ஓ. மொதல்ல அவள உட்டுட்டாங்களா?" என்றார். "அவ சும்மா இருந்திருக்க மாட்டா."

தனபாக்கியம் மேடம் சிரித்தார். ஆறு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சூளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டேஷனில் சென்னை வண்டிக்குக் காத்திருக்கும்போது அவர் என்னிடம் பேசினார். "நான் அந்தச் சகோதரிக்குத் தண்ணிய கோர்ட்ல வாங்கிக் குடுத்துட்டேன். அவ அப்புறம் வாங்கியிருக்கா. எப்படி வாங்கினா, யார் சேத்தாங்க, தெரியாது. தெரியாதுன்னே எழுதுங்க. என் வாசிப்பு தப்புங்கறதையும் எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதணும். 'சிலர் கருதினர்'னு எழுதக் கூடாது." வண்டி வரும் திசையைப் பார்த்தபடி, "அந்தப் பக்கத்த எழுதினப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தது" என்றார். நான் அவர் கூடையை வாங்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

நான்காம் இயலைத் திரும்ப எழுத எட்டு மாதம் ஆயிற்று. கால அவகாசம் கேட்டு மனுப் போட்டு, மேடமே கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். எங்களுக்குத் தகவல் தந்தவரின் பெயரை அடிக்குறிப்பில் போட வேண்டும் என்றதும் அவர்தான். "அஞ்சலை, செங்கல் சூளைத் தொழிலாளி, விக்கிரவாண்டி, நேரில் கூறியது" என்று போட்டேன்.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அடிக்குறிப்பில் விரலை வைத்து, இவர் எந்தத் தகுதியில் சாட்சி சொல்கிறார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்த தனபாக்கியம் மேடம் அதே நிதானக் குரலில் சொன்னார்: "என்னைத் திருத்தின தகுதியில." தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பட்டம் வந்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு விக்கிரவாண்டியில் இறங்கினேன். ஆய்வேட்டையும் கொண்டுபோயிருந்தேன். அஞ்சலையின் பெயர் இருந்த இடத்தைக் காட்டி, வாசித்தேன். அவர் விரலால் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

"சூளைத் தொழிலாளின்னா போட்டீங்க?"

"ஆமாக்கா. ஏன்?"

"சூளைன்னா எரிக்கிற வேலை. அத எங்க ஓனரு மச்சான் பாக்கறாரு. நான் எரிக்கிறவ இல்ல டீச்சரம்மா. பச்சக் கல்லு அறுக்கறவ. எரிக்கறவனுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? நெருப்புல போட்டப்பறம் எல்லாக் கல்லும் ஒரே செவப்பு."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் சொன்னது பெயர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அந்தப் பலகையும் சுடாத பலகைதான்; வெயிலில் காய்ந்தது. பச்சை மண்ணை அறிந்தவர் சாட்சி என்பதுதான் அந்தக் குறிப்பின் பொருளே. அதைத்தான் நான் தப்பாக எழுதியிருந்தேன், இரண்டு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகும்.

சனிக்கிழமை மேடத்திடம் போய்ச் சொன்னேன். ஆய்வேடு பைண்டு ஆகிவிட்டது, இனி என்ன செய்வது என்றேன்.

"எத்தனை பிரதி?"

"அஞ்சு மேடம்."

அவர் எழுந்து புடவையைச் செருகிக்கொண்டு, அலமாரியிலிருந்து கறுப்பு மைப் புட்டியையும் இரண்டு பேனாக்களையும் எடுத்து வந்தார். பிரதிகளைத் திருத்த அனுமதி கேட்கும் கடிதத்தை அவரே எழுதினார். நாங்கள் இருவரும் நூலகத்துக்குப் போய், ஒரு நீள மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஐந்து பிரதியிலும் அந்த வரியைத் திருத்தினோம். மூன்றை நான் எழுதினேன், இரண்டை அவர் எழுதினார். "பச்சைச் செங்கல் அறுப்பவர்." ஒவ்வொன்றின் அருகிலும் இருவரும் கையெழுத்துப் போட்டோம். கடைசிப் பிரதியில் மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்துவிட்டு, மேடம் பக்கத்தைத் திருப்பினார்.